சிமெண்ட்டில் ஒரு கீரைக்காரி

படித்தது அஞ்சாம் கிளாஸ்தான் என்றாலும் தி.நகரில் மூன்று கடை போட்டவன் நான். எந்த இடத்திலும் பேசாமல் உட்கார்ந்தவன் இல்லை. அன்று மந்தைவெளியில் ரயில் ஏறியதும், எதிர் சீட்டுப் பெண் சொன்னதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிட்டு, என்னை மாரியே ஒரு பொம்மை வெக்கப் போறாங்களாம்க்கா."

"இன்னாடி சொல்ற?" என்றார் கூட வந்த அக்கா.

"அடையாத்துல நான் கீரை போட்டுக்கினு கீற தோட்டமும் அந்தப் பழைய வீடும் அங்க இருக்குற கோயில்காரங்க சமூகத்துச் சொத்தாச்சே. ரெண்டையும் மியூசியம் ஆக்குறாங்களாம். கீரைக்காரி சிமெண்ட்டுல நிப்பாளாம்."

"நானே நிக்கிறேன்னு சொல்றதுதானே?"

"சொன்னேனே. பொம்மைன்னா பேசாதுன்னாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

"நேத்து அவங்க கோயில் ஆடிக்கூழுக்கு முருங்கைக்கீரை கேட்டு ஆள் அனுப்பினாங்க. வருஷா வருஷம் நான்தானே குடுக்குறேன்? பொம்மையாண்ட வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

"அய்யய்யோ! அப்புறம்?"

"நாளைக்கு மறுபடி மீட்டிங்காம். இந்தத் தபா எனக்கும் ஒரு சேர் போடுறாங்க."

"அப்போ பொம்மைக்கு?"

"அது நின்னுக்கினே இருக்கட்டும்."