வௌவால்கள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தேன்

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் காவல் நிலைய எழுத்தரால் எழுதப்பட்டுள்ளன. அவை சரி. வயது ஐம்பத்தொன்று. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லோரும் என்னை வெல்டர் என்றே கூப்பிடுவார்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. யாரும் கேட்காமல் இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என்மேல் புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர், கல் உடைக்கும் ஒப்பந்தக்காரர். அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவது வழக்கம் என்பதால் இங்கும் அப்படியே சொல்கிறேன். வேறு வார்த்தைகளும் வாயில் வருகின்றன. அவற்றை எழுத முடியாது என்று எழுத்தர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வெளியே குன்றின் அடிவாரத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்று உள்ளது. ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அதன் வாய் இருக்கும். உள்ளே பல வருடங்களாக வௌவால்கள் வசிக்கின்றன. ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த வாய்க்குக் கம்பிக் கதவு செய்து போட்டவன் நான்தான். அளவு கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஊரில் அவருக்கு வௌவால் டீச்சர் என்று பெயர். கம்பிகள் எல்லாம் படுக்கைவசத்தில் இருக்க வேண்டும், இடைவெளி பதினைந்து சென்டிமீட்டர் வேண்டும், அப்போதுதான் மனிதர்கள் போக முடியாது, வௌவால்கள் போய்வர முடியும் என்றார். ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் செய்து கொடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையின் இரும்புச் சட்டமும் என் வேலைதான்.

கடந்த திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். பிள்ளைகள் கம்பிக்குள் தலையை விட்டு விளையாடுகிறார்கள், ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும், குன்றின் குத்தகை தன்னிடம் இருக்கிறது, ஆகவே கதவின் மேல் நெருக்கமான கம்பி வலை அடித்துத் தர வேண்டும் என்றார். உள்ளே வௌவால் இருக்கிறதே என்று கேட்டேன். "அதுங்களுக்கு ஊர்ல வேற இடமா இல்ல மச்சான்? நீ என்ன அதுங்களுக்கு வீட்டுத் தரகரா?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததையும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

பகலிலேயே அடித்துவிடச் சொன்னார். நான் மறுத்தேன். பகலில் அவை உள்ளே தூங்கும், அடைத்தால் உள்ளேயே சாகும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம், பொழுது சாயும்போது வெளியே போன பிறகு அடிக்கிறேன் என்றேன். "உன் இஷ்டம்" என்றார். அதன் பிறகு ஜெனரேட்டரையும் வலையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்று மாலை ஐந்தரை மணிக்குச் சுரங்கத்துக்குப் போனேன். வெளிச்சம் மங்கியதும் அவை கூட்டம் கூட்டமாக வெளியேறின. கடைசி ஒன்று போகும்வரை பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஒன்று போய்க் கால் மணி நேரம் கழித்தே முதல் வெல்டிங் ராடைப் பற்ற வைத்தேன். எவனும் இவ்வளவு பார்க்க மாட்டான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எட்டு மணிக்குள் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வௌவால் டீச்சர் பட்டறைக் கதவைச் செருப்பால் தட்டினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க? வந்து பாரு. வந்து உன் கண்ணால பாரு" என்றார். அதன் பிறகு இருவரும் என் வண்டியில் போனோம்.

வலையின் வெளிப்பக்கம் முழுவதும் வௌவால்கள் அப்பியிருந்தன. வலை கண்ணில் தெரியவில்லை. கீழே விழுந்து கிடந்தவற்றைக் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். இரும்புக் கண்ணியில் மாட்டி அதன் இறக்கை கிழிந்திருந்தது, மார்பு ஈரமாக இருந்தது. பால் என்று டீச்சர் சொன்னார். இது குட்டி போடும் காலம், தாய்கள் இரை தேடப் போகும்போது பறக்கத் தெரியாத குட்டிகளை உள்ளே தொங்கவிட்டுப் போகும், திரும்பி வந்து பால் கொடுக்கும், நான் அந்தத் தாய்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன் என்று சொன்னார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை குட்டிகள் இருக்கும், யாரும் நெருங்கக் கூடாது என்று விரற்கடை உயர எழுத்தில் எழுதியிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு அந்தப் பலகையை மாட்டியபோது நான்கு மூலையும் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை.

அதன் பிறகு கேஸ் கட்டரை எடுத்தேன். நெருப்பு வேண்டாம், வலையில் உயிர்கள் இருக்கின்றன என்று டீச்சர் தடுத்ததால் வெட்டுக் கத்தரியால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாக நறுக்கினேன். பாதி வலை பிரிந்ததுமே சில உள்ளே போகத் தொடங்கின. உள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நேரம் ஆக ஆக அது குறைந்தது. நான் இன்னும் வேகமாக நறுக்கினேன்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை ஜீப்பில் வந்தார். வந்ததும் கத்தரியைப் பிடுங்கப் பார்த்தார். பிள்ளைகள் கம்பிக்குள் தலையை விடுகிறார்கள் என்று இப்போது அவர் சொல்லவில்லை. "வியாழக்கிழமை ஆபீசர் வந்து, உள்ள வௌவால் ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போகட்டும். குன்றுல வெடி வைக்க உத்தரவு கைக்கு வந்துடும். அப்புறம் நீயே பிரிச்சு எடுத்துக்கோ மச்சான், ரெண்டு நாள் பொறுக்க முடியாதா?" என்றார். குட்டிகளைப் பற்றி அவருக்கு முன்பே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். அப்போது கீழே கிடந்த ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினார். அது அசைந்தது. அதன் பிறகு நான் அவரை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துத் தள்ளினேன். பாறையில் விழுந்து அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. தவறி விழுந்தார் என்று எழுத வேண்டாம், தள்ளியது நான். அவர் எழுந்து வந்திருந்தால் மறுபடியும் தள்ளியிருப்பேன். அதன் பிறகு மீதி வலையையும் நறுக்கி முடித்தேன். காவலர்கள் வரும்போது வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்று புதன்கிழமை காலை என் தங்கை நிலையத்துக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினாள். "குடிச்சிருந்தேன்னு எழுதிக் குடு அண்ணா. வலையை இன்னிக்கே திரும்பப் போட்டுடு. அவர் புகாரை வாபஸ் வாங்கிடுறேன்னு சொல்றாரு" என்றாள். முடியாது என்றேன். "வௌவாலுக்காகவா என்னை வேணாங்கிற?" என்று கேட்டாள். இனி எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை நான் தூக்கி வளர்த்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவள் போன பிறகு டீச்சர் வந்தார். போன வாரம் மாலையில் எண்ணியபோது ஆயிரத்து நூற்று எண்பது வௌவால்கள் வெளியே வந்தன, நேற்று மாலை நானூற்று முப்பதுதான் வந்தன என்று தகவல் மட்டும் சொன்னார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்தர், புகார் வலையை வெட்டியதற்கும் கையை உடைத்ததற்கும்தான், திங்கட்கிழமை நடந்தது வழக்கில் வராது, அதை விட்டுவிடலாம் என்றார். "எனக்கு நல்லது சொல்றதா நினைச்சு சொல்றீங்க. ஆனா அதை விட்டா, நாளைக்கு வர்ற ஆபீசருக்கு அந்தச் சுரங்கத்துல எப்பவுமே நானூறு வௌவால்தான்" என்றேன். அடைத்ததற்கு யாரும் புகார் கொடுக்கவில்லையே என்று கேட்டார். நான் கொடுக்கிறேன் என்றேன். குட்டிகள் இருந்த சுரங்கத்தை அடைத்ததற்காக முதல் எதிரியாக என்னையும், அடைக்கச் சொன்னதற்காக இரண்டாம் எதிரியாக என் மாப்பிள்ளையையும் சேர்த்து, இதையே என் புகாராக எடுத்துக்கொண்டு, நாளை வரும் ஆய்வு அதிகாரிக்கு ஒரு நகல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினார். என் வாயிலிருந்து வந்தது எதுவும் விடுபடவில்லை, வராதது எதுவும் சேரவில்லை. யாரும் மிரட்டவில்லை, நான் குடித்திருக்கவில்லை. நானும் இந்த முறை கடைசி வரிவரை படித்துப் பார்த்த பிறகே கையொப்பம் இடுகிறேன்.

(கையொப்பம்)
வெல்டர், புகார்தாரர் மற்றும் முதல் எதிரி