பொட்டு வைத்த போர்டு

டார்ச் லைட் வாங்குகிறவர்கள் கடையிலேயே பட்டனை அழுத்திப் பார்க்கிறார்கள். எரிந்தால் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது போதாது, சார். நீங்களும் ஒருநாள் அப்படித்தான் செய்தீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் கிறிஸ்துதாஸ். வீடு குன்றத்தூர். மண்ணூரில் ரத்தினம் முதலாளியின் டார்ச் கம்பெனியில் க்யூ.சி., சரக்கைச் சோதித்துப் பார்க்கிற ஆள். கம்பெனி என்றதும் ஒரகடத்துக் கார் ஃபேக்டரி மாதிரி நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, நீள மேஜைகள், தெற்கத்திப் பிள்ளைகள். மின்வெட்டு வந்த பிறகு எங்களுக்கு ஓய்வே இல்லை.

டார்ச்சுக்குள் காசு அளவில் ஒரு போர்டு இருக்கும். அதில் மூன்று கால் வைத்த சிப் ஒன்று. பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் கரண்டை அளவாக விடுவது அதன் வேலை. ரெகுலேட்டர் என்போம். மலிவு போர்டுகளில் சிப்பின் மேல் இருக்கும் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஒரே மூட்டையில் நல்லதும் இருக்கும், மட்டமானதும் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தொட்டால் தெரியும். போர்டை எரியவிட்டு, சிப்பின் மேல் ஆள்காட்டி விரலை வைப்பேன். நல்ல சிப்பில் சூடு மெல்ல ஏறி ஓர் இடத்தில் நின்றுவிடும். மட்டமானது மளமளவென்று சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டென்று அணைந்துவிடும். ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எரியும். அப்படிப்பட்ட போர்டின் அடிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். பாலிஷ், முதல் மேஜையில் உட்காரும் மாரிசெல்வி கொடுத்தது. பொட்டு வைத்தது என்றால் ரிஜெக்ட் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். நேற்று என் ரேகையை எடுத்தவர், அந்த விரலில் கோடே விழவில்லை என்று சலித்துக்கொண்டார். சுட்டுச் சுட்டுத் தேய்ந்த விரல், சார்.

இசக்கிபாண்டி சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ படித்தவன், மாரிசெல்வியின் சித்தி மகன். நல்ல பையன். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வந்த கொஞ்ச நாளில் ஒரு மெஷின் செய்தான். ஒரு பெட்டி, இரண்டு ஊசி, ஒரு மீட்டர். போர்டை வைத்தால் கரண்டை அளந்து, சரியாக இருந்தால் பச்சை விளக்குக் காட்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

முதலாளி லைனில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "இன்னா கிறிஸ்துதாஸ், உன் வெரலைப் பொட்டிக்குள்ள பூட்டிட்டான் பாத்தியா? வர மாசத்துலேர்ந்து நீ பேக்கிங்ல குந்திக்கோ."

பிள்ளைகள் சிரித்தார்கள். இசக்கிபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இனி உங்க வெரலு சுடாதுல்லா" என்றான்.

நான் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். "அது ஒரு நொடி பாக்குதுபா. சூடு ஏறினாத்தான் சிப்பு யாருன்னு தெரியும்."

"கரண்டு சரியா இருந்தா சிப்பும் சரிதான் அண்ணாச்சி. பிள்ளைக்கிக் காச்சலான்னு பாக்க மாதிரி இன்னும் எத்தன நாளு தொட்டுத் தொட்டுப் பாப்பீங்க?"

மறுபடியும் சிரிப்பு. வாயால் சொன்னால் கேட்கிற வயதில்லை. அதனால் செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

ரிஜெக்ட் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அதில் எல்லாவற்றிலும் பொட்டு இருக்கும். புது மூட்டையில் தேடி, சீக்கிரம் சூடேறுகிற ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதை நானே அவன் மெஷினில் வைத்தேன். பச்சை எரிந்தது.

"பாத்தீங்களா, என் மெஷினு பாஸ் பண்ணிட்டு" என்றான்.

"பாஸ் ஆச்சுல்ல? இதையே டார்ச் பாடில போட்டு உன் சைக்கிளுக்கு ஒண்ணு செஞ்சி தரேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்திருக்கிறான்.

அவன் ரூம் ஏரிக்கு அந்தப் பக்கம். கரை மேலேயே சைக்கிளில் போவான். பெரிய கம்பெனிகளின் பிளாட்டுகளை மேடாக்குவதற்கு ஏரி மண்ணைக் கரை ஓரம்வரை தோண்டி எடுத்திருக்கிறார்கள். கார்த்திகை மழையில் அந்தப் பள்ளம் நிரம்பிக் கிடந்தது. கரை அந்த இடத்தில் சரிந்து இறங்கி, திடீரென்று திரும்பும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கேட்டிலேயே டார்ச்சைக் கொடுத்தேன். கரண்டு இல்லை, நல்ல இருட்டு. சைக்கிள் ட்யூப் துண்டால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டி, எரியவிட்டு, "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். காலையில்தான் எடுத்தார்கள். அவனுக்கு நீச்சல் தெரியாதாம்.

விழுந்த வேகத்தில் டார்ச் கட்டு அறுந்து, பட்டனும் தட்டி அணைந்து, கரைப் புல்லில் கிடந்தது. விசாரிக்க வந்த நீங்கள் அதை எடுத்துப் பட்டனை அழுத்தினீர்கள். எரிந்தது. "லைட்டு நல்லாத்தான் கீது. போன் பேசிக்கினே போயிருப்பான்" என்று சொல்லி அதை மாரிசெல்வியிடம் கொடுத்துவிட்டீர்கள். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

மாரிசெல்வி அதை ரூமில் எரித்திருக்கிறாள். அணைந்திருக்கிறது. ஆறியதும் எரிந்திருக்கிறது. அவள் லைனில் வேலை செய்கிற பெண், கழற்றிப் பார்த்துவிட்டாள். டீ நேரத்தில் என் மேஜைக்கு வந்து போர்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணாச்சி, இது உங்க பொட்டுல்லா."

"பழைய போர்டு கலந்துடுச்சி போலம்மா."

"பொட்டு வச்சத நீங்க வெளிய விட்டதே இல்லயே." அவள் அழவில்லை. தன் நகத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

அதை எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. தேடும்போது சிப் அணைந்திருக்கும், கை தானாகப் பாலிஷை எடுத்திருக்கும். போர்டின் அடியில் பேட்டரி ஸ்பிரிங்கைப் பற்றவைக்கும்போதுகூடக் கண்ணில் படவில்லை. அந்தச் சிவப்பு பழகிப்போன கண். கெட்ட எண்ணம் இருந்தால் துடைத்திருக்க மாட்டேனா? நீங்களே யோசியுங்கள்.

எங்கே அணையும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவனிடம் கொடுப்பதற்கு முந்தின சாயங்காலம் நானே அதைக் கட்டிக்கொண்டு கரையில் போய்ப் பார்த்தேன். அவன் இளம்பிள்ளை என்பதால் வேகமாக மிதித்தேன். நேர்ப்பாதையிலேயே அணைந்துவிட்டது. அங்கே அணைந்தால் இறங்கி நின்று, சிரித்துவிட்டுப் போயிருப்பான். சிப்பின் முதுகில் சிறு அலுமினியத் துண்டு ஒட்டினேன், சூடு தாமதமாக ஏறட்டும் என்று. திரும்பவும் போனேன். திருப்பத்தில் அணைந்தது. எனக்குத் தெரியும் என்பதால் பிரேக் பிடித்தேன்.

ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், சார். அந்த மெஷின் தப்பு என்று காட்டினேன். அதற்குத்தான் செய்தேன்.

மெஷினை முதலாளி எடுத்துவிட்டாராம். மாரிசெல்வியைத்தான் தொட்டுப் பார்க்க உட்காரவைத்திருக்கிறார்களாம். அவளுக்கு விரல் பழகவில்லை, தப்பு விடுவாள். அந்த டார்ச்சை நம்பி எத்தனை பேர் இருட்டில் போகிறார்கள். மூட்டையை இங்கே அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துக் கொடுக்கிறேன்.