இணைச்சீருக்கு ஒருத்தி

இல்லீங்க, தண்ணியெல்லாம் வேண்டாங்க. வண்டில கேன் கெடக்குது. சித்த நேரம் இந்த நெழல்ல உக்காந்துட்டுப் போயிர்றேன், அது போதும். வண்டி சூடாயிருச்சுங்க. அங்க பாருங்க, முன்னால மூடியத் தொறந்து வெச்சுட்டு எம்பையன் போனு பேசிட்டு நிக்கறான். சீட்டுல உக்காந்திருக்கறது எங்கூட்டுக்காரரு. அவரு எறங்க மாட்டாருங்க. காலையில இருந்து வாய்ல கொழுக்கட்டை வெச்சாப்பல அப்படியேதான் உக்காந்திருக்கறாரு.

நீங்க உங்க சோலியப் பாருங்க. பிசிறு வெட்டறதுங்களா? ஆரு கம்பெனி துணி? சரி, சொல்லாட்டிப் போங்க. தொட்டுப் பாத்தாலே தெரியுது, ரெண்டு தடவ தொவச்சாக் கோணிக்கும். எங்க கம்பெனின்னா இந்தத் துணிய வாசல்லயே திருப்பி உட்ருவோம். ஆமாங்க, சொந்தக் கம்பெனிதான். பனியன் கம்பெனி. தொட்டில நானு ஆட்டறேன் உடுங்க, கை சும்மாதான் இருக்குது. பொம்பளப் புள்ளைங்களா? தூங்கட்டும். தூங்கற கொழந்தைய எட்டிப் பாக்கப்படாதும்பாங்க, நானு பாக்கல.

உள்ள ஆருங்க மெசின் ஓட்டறது? மருமகளா? ஓட்டட்டும், எனக்கு எடைஞ்சலில்ல. நானே கொஞ்சம் சத்தமாப் பேசறவதான்.

சொந்தக்காரங்க, ஒறம்பரைன்னு ஊடு சுத்தப் போனமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம பையனுக்குக் கல்யாணம். பத்திரிக்கையெல்லாம் போன மாசமே வெச்சாச்சு. இன்னிக்குப் போனது வேற சோலிக்கு. இணைச்சீருக்கு ஆள் தேடிப் போனோம். உங்க பக்கம் அது உண்டோ என்னமோ, எங்களுக்குள்ள அது இல்லாமத் தாலி கட்டப்படாது. மாப்ளைகூடப் பொறந்தவ அவம்பக்கத்துல உக்காரோணும். சேலைல ஒரு முந்தி அவன் கைல, மறு முந்தி இவ கைல. நாளைக்கு உம்புள்ளைக்கு எம்புள்ளைன்னு ரெண்டு பேரும் புடிச்சுக்கற முந்தி அது. மண்டபம் கெடைக்கும், சமையல்காரன் கெடைப்பான், கூடப் பொறந்தவளுக்கு எங்க போறது?

இருக்கறாளுங்க. இருந்தா. இவனுக்கு மூத்தவ. படிக்க வெச்சு, கம்பெனில உக்கார வெச்சா, பேட்லாக் மெசின்ல தைக்கற டெய்லர் ஒருத்தனோட போயிட்டா. எந்தாளுகன்னு கேக்காதீங்க, சொன்னா உங்களுக்கே சங்கடம். அவன் கம்பெனிக்குள்ள வர்றப்ப செருப்பக்கூட ஒழுங்கா உட மாட்டான். அதப் பாத்து மயங்கியிருக்கறா பாருங்க. எங்கூட்டுக்காரரு நேராக் கொடுமுடிக்குப் போயி ஆத்துல தலை முழுகிட்டு வந்தாரு. ஊரக் கூட்டி, எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொன்னாரு. அன்னிக்கு மட்டும் வாய் எட்டூருக்குக் கேட்டுச்சு.

சரி, அவ இல்லைன்னா என்ன, பங்காளி ஊட்டுப் புள்ள ஒருத்திய உக்கார வெச்சாப் போச்சு. ஊருல நடக்காததா? அப்படித்தான் காலையில கெளம்புனோம்.

மொதல்ல திருமுருகன்பூண்டி. அங்க லிங்கசாமின்னு ஒருத்தரு, எங்கூட்டுக்காரருக்குச் சின்ன வயசுச் சிநேகிதம். எங்களுக்குக் கல்யாணச் சீர் செய்யற அருமைக்காரரும் அவருதான். செலை செதுக்கற பட்டறைக்குப் பக்கத்துல ஊடு. வாசல்ல மூக்கு வெக்காத சாமியெல்லாம் வரிசையா நிக்குது, அதுக்கு நடுவுல சேர் போட்டு உக்கார வெச்சாரு. காபி குடுத்தாங்க, அதுல பாதி கல்லுப்பொடி. அந்தம்மா முறுக்கு கொண்டாந்து வெச்சுது, அதக் கடிக்கறதுக்கும் ஒரு உளி குடுத்திருக்கலாம்.

விசயத்தச் சொன்னமுங்க. அந்த மனுசன் என்ன கேக்கறாரு தெரியுமா? உம்பொண்ணு இருக்குதா, செத்துப்போச்சாங்கறாரு. இவரு சொன்னாரு, எனக்குப் பொண்ணு இல்லைன்னு. இல்லைங்கறது எனக்கு ஆகாது, செத்துப்போச்சுன்னு உன்ற வாயால ஒரு வார்த்தை சொல்லு, நீ ஆரக் கூட்டியாந்தாலும் உக்கார வெச்சுச் சீர் செஞ்சு குடுக்கறேன், உசுரோட இருக்கறவளுக்குப் பதிலா இன்னொருத்திய உக்கார வெச்சா அது சீரில்லங்கறாரு. பெரிய அரிச்சந்திரன் ஊட்டுப் பங்காளி!

ஒரே ஒரு வார்த்தைங்க. ஊரக் கூட்டிக் கத்துன மனுசனுக்கு அத்தன பெருசா அது? வாயத் தொறந்தாரு. நானும் வருதாட்டிருக்குன்னு பாத்தேன். முறுக்க எடுத்து உள்ள வெச்சு மூடிக்கிட்டாரு. மென்னாரு, மென்னாரு, கெளம்பற வரைக்கும் மென்னாரு.

அப்பறம் காங்கயம். எங்கக்கா ராமாயி ஊடு. அவ டிவிய நிறுத்தாமயே வாங்கன்னு சொல்றவ. அவ பொண்ணு புருசங்கூட ஒத்துவராம ஊட்டோட வந்து உக்காந்திருக்கறா, பேச்சு மட்டும் மகாராணியாட்டம். இணைச்சீருன்னு சொன்னதும், எனக்கு என்ன கலர் சேலை சின்னம்மான்னு கேட்டா. சரி, சிக்குனா ஒருத்தின்னு நானு நெனைக்கறேன், எங்கக்கா சமையக்கட்டுக்கு என்னையக் கூப்பட்டு, ஏ தெய்வா, லிங்கசாமி என்ன சொன்னாப்லைன்னு கேக்கறா. அதுக்குள்ள போனு போயிருக்குது பாருங்க! செய்தி ஓடற வேகத்துல இவியளுக்குக் காலு ஓடுனா ஒலகத்தச் சுத்தி வந்திருப்பாங்க. உசுரோட இருக்கறவ எடத்துல எம்புள்ளைய உக்கார வெச்சு, அவ கண்ணுத்தண்ணி எங்கூட்டுல உழுகோணுமாங்கறா. உம்பொண்ணு வாழாம வந்து உக்காந்திருக்கறதே ஆரு கண்ணுத்தண்ணின்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. இல்லீங்க, கேட்டுட்டேன். அதனாலதான் சாப்படாமக் கெளம்பிட்டோம்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. உங்களுக்குப் பொழுது போகுது.

கடைசியா மூலனூரு. எங்க கொழுந்தனாரு தங்கதுரை ஊடு. ஊட்டக் கட்டியிருக்கறாரு பாருங்க, மாடிக்கு மேல மாடி, ஆனா எல்லாரும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில கட்டல் போட்டுத்தான் உக்காந்திருக்கறாங்க, உள்ள டைல்ஸ் அழுக்காயிருமாம். சாப்பாடு போட்டாங்க. முருங்கக்காச் சாம்பாரு, முருங்கக்காப் பொரியலு, ரசத்துலயும் ரெண்டு துண்டு மெதக்குது. சந்தைல போகாத காயெல்லாம் ஒறம்பரை எலைக்கு வந்துருது. எங்கூட்டுக்காரரு ஒவ்வொரு துண்டா எடுத்து உறிஞ்சிட்டே இருந்தாரு. அப்படியாச்சும் பேச வேண்டியதில்லை பாருங்க.

அவிய பொண்ணு சுபஸ்ரீ, அதுதான் மொறைக்குச் சரியான ஆளு. சின்னப் புள்ள, சொன்னாக் கேக்கும்னு நெனச்சேன். அது கைகழுவத் தண்ணி ஊத்திட்டே சொல்லுது, பெரியம்மா, அக்காதான் எனக்குச் சடை பின்னி உட்டுப் பள்ளிக்கொடம் தாட்டி உடும், அது எடத்துல நானு உக்கார மாட்டேன்னு. கொழுந்தனாரு ஒரு அதட்டுப் போடுவாருன்னு பாத்தா, தூணப் பாத்துட்டு நிக்கறாரு. ஒரு ஊட்டுலயும் ஆம்பளைன்னு ஒருத்தன் இல்லீங்க, எல்லாம் தூணப் பாக்கறவன், முறுக்கு மெல்லறவன்.

எம்பையன் அதுக்கு மேல. கல்யாணம் இவனுக்கு. அம்மா எதுக்கு இப்படி ஊரூராச் சுத்தறீங்க, அக்காவையே கூப்படலாம்லங்கறான். எத்தன லேசாச் சொல்றான் பாருங்க. கூப்பட்டா அவ மட்டுமா வருவா? அவனும் வருவான். அவனப் பெத்தவிய வருவாங்க. பந்தில எங்க உக்கார வெக்கறது? எங்க சம்மந்தக்காரரு கேட்டா ஆருன்னு சொல்றது? அந்த முந்தியப் புடிச்சுட்டு, உம்புள்ளைக்கு எம்புள்ளைன்னு சொன்னா மண்டபமே சிரிக்காதா?

ஆமாங்க, நீங்க சொல்றது சரி. இப்பவும் சிரிச்சிட்டுத்தான் இருக்கறாங்க. அத நீங்க சொல்ல வேண்டியதில்லை.

வெய்ய எறங்கிருச்சுல்ல? வண்டி ஆறியிருக்கோணும். கெளம்ப வேண்டியதுதான். அதென்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, ஏசி ஓடற சத்தந்தான். இல்ல, சூடான வண்டில ஏசி ஓடாதுங்களா? எனக்கென்ன தெரியும் வண்டியப் பத்தி. அங்க பாருங்க கூத்த, ஏசியப் போட்டுட்டுக் கண்ணாடிய எறக்கி உட்டுட்டு உக்காந்திருக்கற மனுசன எங்கியாச்சும் பாத்திருக்கறீங்களா? காத எட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கறாரு. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, இவருக்குக் காது மட்டுந்தான் ஆடுது.

தாராபுரம் ரோட்டுல வர்றப்ப வாயத் தொறந்தாருங்க. பூண்டில முறுக்க மென்னதுக்கு அப்பறம் மொதத் தடவையா. இன்னும் ஒரு ஊடு பாக்கி இருக்குதுன்னாரு. அவ்வளவுதான். எந்த ஊடுன்னு நானும் கேக்கல. பையங்கிட்ட முதலிபாளையம் போன்னு மட்டும் சொன்னேன். அந்தத் தொரை ஒருத்தங்கிட்டயும் வழி கேக்கல. சிட்கோவத் தாண்டி, கம்பெனிச் சந்துக்குள்ள பூந்து, நேரா இந்த வேம்புக்குக் கீழ கொண்டாந்து நிறுத்தறான். எத்தன தடவ வந்து சோறு தின்னுட்டுப் போயிருக்கறான்? நீங்கதான் போட்டிருப்பீங்க. சொல்லுங்க. எங்கிட்ட ஜிம்முக்குப் போறேன்னு சொல்லுவானுங்க.

வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. மூடியத் தொறந்து வெய்யின்னு நாந்தான் சொன்னேன்.

தெரியுமா? நானு ஆருன்னு எப்ப இருந்து? நானு எறங்கறப்பவேவா? தெரிஞ்சுட்டே இத்தன நேரம் வாயத் தொறக்காம உக்காந்து பிசிறு வெட்டிட்டு இருந்தீங்களா? நல்ல பொம்பள நீங்க! உங்க பையனப் பத்திச் செருப்புன்னு சொன்னேன், அப்பக்கூடத் தண்ணிச் சொம்ப எம்பக்கம் நகத்தித்தான் வெச்சீங்க. எங்கக்காவா இருந்தா என்ற முடியப் புடிச்சிருப்பா.

மெசின் நின்னு வெகு நேரமாச்சுங்க. நானு கொடுமுடின்னு சொன்னப்பவே நின்னுருச்சு. கரண்டு போகல, பேன் சுத்துது. தையல் முடியறப்ப மிதிய ரெண்டு தட்டுத் தட்டி நிறுத்தற பழக்கம் திருப்பூர்ல ஒருத்திக்குத்தான் இருக்குது. ஊசி ஒடைஞ்சு போயிரும்டின்னு நானும் திட்டித் திட்டிப் பாத்தேன், திருந்தல. வந்து உக்காந்ததும் அந்தத் தட்டுக் கேட்டுச்சு. இல்லைன்னா உங்ககிட்டப் பேச எனக்கென்னங்க இருக்குது? உள்ள கேக்கோணும்னுதான் தொண்டையக் கிழிச்சிட்டிருந்தேன்.

ஞாயித்துக்கெழம விடியக்காலம் முகூர்த்தம். அவ மட்டும் வந்து உக்காந்து முந்தியப் புடிச்சுட்டுப் போகட்டும். என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? சரி, அவனும் வரட்டும். பின்னால வரிசைல உக்காரட்டும். அதுக்கும் பேச மாட்டீங்களா? சரிங்க, எங்கியோ உக்காரட்டும், முன்னாலயே உக்காரட்டும், செருப்ப மட்டும் ஒழுங்கா உடச் சொல்லுங்க. நீங்களும் வாங்க. எங்கக்கா மூஞ்சி போற போக்கப் பாக்கறதுக்காச்சும் நீங்க வரோணும். பந்தில எம்பக்கத்துல உக்காருங்க, எவ எந்திரிச்சுப் போறான்னு நானும் பாக்கறேன்.

கொழந்தைய உட்டுட்டு வரச் சொல்லலாம்னுதான் வந்தேன். வர்ற வழியெல்லாம் அதத்தான் நெனச்சிட்டு வந்தேன். இப்ப எட்டிப் பாத்துட்டனே. அட கெரகமே, அந்த மூக்கு! அத்தன பேரு மூக்கு இருக்கறப்ப, முறுக்கு திங்கற அந்த மனுசன் மூக்குதான் வரோணுமா இதுக்கு? இத எங்க ஒளிச்சு வெக்கறது? ஊருக்கே தெரிஞ்சுரும். தூக்கிட்டே வாங்க.

எங்க எந்திரிக்கறீங்க? கதவத் தட்டாதீங்க. தேஜஸ்ரீன்னு ஒரு வார்த்தை கூப்பட எனக்கு வாய் வரல, நீங்களும் கூப்படாதீங்க. அவளா வரட்டும். வராட்டியும் இருட்டற வரைக்கும் நானு இங்கதான் உக்காந்திருப்பேன். அவியப்பன் எறங்கறாரா இல்லையான்னும் பாத்தர்றேன்.

அதுக்குள்ள அந்தத் தண்ணியக் குடுங்க சம்மந்தி. காலையில இருந்து மூணு ஊட்டுல குடிச்சும் தாகம் அடங்கல.