அசையாத ஷெட்டு

மே மாசம் மே மாசம்னே சொல்லிக்கிட்டு இருக்காத தம்பி. எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும். இது ஏப்ரல். பனி உருகிப் போச்சு. தரை பூரா சகதி. வண்டி புதையும். போன்லயும் சொன்ன, வந்து எறங்கினதும் சொன்ன. சொல்லி முடிச்சாச்சுல்ல? இனி ஆக வேண்டியதப் பாரு. தோட்டத்துச் சாமான் போட்டு வெக்கற இந்த மர ஷெட்டு இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு அந்தப் பக்கம் போயாகணும். நாளைக்குன்னா எனக்கு வேண்டாம். நாளைக்குன்னா இப்பவே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போ.

ஹார்லன்னு கூப்பிடு, போதும். சார்னா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருது.

என்னது? மூவாயிரமா?

இரு, இரு. இன்னொரு தடவ சொல்லு. நகத்தறதுக்கு ஒரு ரேட்டு. சகதில நகத்தறதுக்கு வேற ரேட்டு. சகதில பலகை விரிக்கணும், பலகைக்கு வாடகை. விரிச்ச பலகைய மறுபடி எடுக்கணும், அதுக்குக் கூலி. நீ மூச்சு விடறதையும் இதுல சேத்துட்டியா, இல்ல அதுக்குத் தனி பில்லா? இந்த ஷெட்டப் புதுசா வாங்கினப்ப எண்ணூறு டாலர் குடுத்தேன். லாரில கொண்டாந்து, நான் சொன்ன எடத்துல எறக்கி வெச்சிட்டு, என் காபியையும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்ப அதையே நாப்பதடி தள்ளி வைக்க மூவாயிரம். ஏரிய நகத்தச் சொன்னா என்ன கேப்ப?

சிரிக்காத. போடு பில்ல. தர்றேன்.

என் மக ஜோலீனும் இதையேதான் கேட்டா. மில்வாக்கில இருக்கா. ஒடச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்கப்பா, இதுல பாதி செலவுதான்னா. எனக்குத் தெரியாதா? புதுசு வர ஆறு வாரம் ஆகுமாம். இத ஒடச்சா உள்ள இருக்கற சாமானெல்லாம் மழைல கெடக்கும். எதுக்குப்பா இவ்வளவு அவசரம்னா. லைன் சரியில்லன்னு போன வெச்சிட்டேன்.

சாமானெல்லாம் நேத்தே வெளிய எடுத்துட்டேன். புல்லு வெட்டற மெஷின், ஐஸ்ல ஓட்ட போடற துரப்பணம், பெயிண்ட் டப்பா. பச்ச மடக்கு நாற்காலி ரெண்டு இருக்குல்ல, அத மட்டும் குப்பைல சேத்துடாத. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு என்னுது இல்ல. வேலிப் பக்கமா சாத்தி வை.

என்ன, குனிஞ்சு பாத்துட்டு விசில் அடிக்கற?

ஆமா. போல்ட்டுதான். ஆமா, கான்கிரீட்டுதான். ஆமா, நாலு மூலைலயும். நடுவுலயும் இருக்கு, சாவகாசமாப் பாரு. இல்ல, இங்க சூறாவளி எதுவும் வரல. ஏன் பறந்துரும்னு நெனச்சேன்னா கேக்கற? பறக்கறதுக்காகப் போடல தம்பி. நகரக் கூடாதுன்னு போட்டேன். நானேதான் போட்டேன். இந்தக் கையால. எந்த மடையன் போட்டான்னு உன் வாய் வரைக்கும் வந்துச்சுல்ல, அந்த மடையன்தான் உனக்குச் செக்கு எழுதப் போறான். அறுக்கற மெஷின எடுத்துக்கிட்டு வா. அதுக்குத் தனியா எவ்வளவு? சொல்லாத. கடைசில சொல்லு. மொத்தமா மாரடைப்பு வரட்டும்.

யாரு நகத்த வந்தாங்கன்னா? அந்தா, அந்த வீட்டுக்காரன். நார்பர்ட். வெள்ள வீடு, கொஞ்சம் பின்னால தள்ளி இருக்கே, அது. அவன் பின்னறை ஜன்னல்லருந்து ஏரி தெரியணும்னா என் தோட்டத்தத் தாண்டித்தான் தெரியணும். நான் ஷெட்ட வெச்சது சரியா அதுக்கு நடுவுல. வேணும்னு வெக்கல. மேடான எடம், தண்ணி நிக்காதுன்னு வெச்சேன். வாசல்ல வந்து, ஹார்லன், மறைக்குதுய்யா, கொஞ்சம் தள்ளி வைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தள்ளியிருப்பேன். சாமான் கூட உள்ள போகல. ஆனா என்ன பண்ணான் தெரியுமா? கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல ஒக்காந்துக்கிட்டு, எனக்குப் பதிவுத் தபால் அனுப்பினான். போஸ்ட்மேன் அவன் வீட்டத் தாண்டி வந்து என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போறான். ஜன்னல்ல நின்னு அதையும் பாத்தான்.

அப்புறம் என்ன, டவுன் ஆபீஸ்ல புகார்தான். எல்லைலருந்து பதினஞ்சடி தள்ளித்தான் ஷெட்டு வெக்கணும்னு சட்டம். என்னுது ஆறடிகூட இல்ல. ஆனா சட்டம் வந்தது ஜூன்ல. நான் வெச்சது மே மாசம். இந்த ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு. சட்டத்துக்கு முன்னாடி வெச்சது வெச்ச எடத்துல இருக்கற வரைக்கும் ஆண்டவனே வந்தாலும் தொட முடியாது. நீயே அசைச்சா போச்சு, அந்த உரிமை அதோட காலி. மறுபடி அதே எடத்துல வெக்க முடியாது. கூட்டம் போட்டு எல்லாரும் கை தூக்கினாங்க. நான் ஜெயிச்சேன்.

அந்தச் சாயங்காலமே கான்கிரீட் மிக்சர் வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். அவன் பின்வாசல்ல காபியோட நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். நான் ஒவ்வொரு போல்ட்டும் முடுக்கும்போது அவன ஒரு பார்வ பாத்தேன்.

மறுவாரம் அவன் அந்த மான் பொம்மைய வாங்கிட்டு வந்தான். பாத்தியா, பிளாஸ்டிக் மான்? நல்லாப் பாரு. தோட்டத்துல மான் வெக்கறவன் மூஞ்சி ரோட்டப் பாக்கற மாதிரி வெப்பான். இவன் மூஞ்சிய அவன் வீட்டுப் பக்கம் திருப்பி, பின்பக்கத்த என் பின்வாசலுக்குக் காட்டி நிறுத்தினான். பதினோரு வருஷம். தெனமும் காலைல கதவத் தெறந்தா மானோட பின்பக்கந்தான் எனக்குக் குட் மார்னிங் சொல்லுது. கிறிஸ்துமஸுக்கு அதுக்கு லைட்டு வேற கட்டுவான். எங்க கட்டுவான்னு நான் சொல்ல மாட்டேன்.

பனி தள்றதுலயும் சண்டையான்னா? அத ஏன் கேக்கற. நான் எல்லைக் கோடு வரைக்கும் தள்ளுவேன். அவன் அந்தப் பக்கம் கோடு வரைக்கும் தள்ளுவான். நடுவுல நூல் புடிச்ச மாதிரி ஒரு சுவரு எழும்பும். காத்து அவன் பக்கம் அடிக்கற நாள்ல நான் சாவகாசமா ரெண்டு தடவ தள்ளுவேன்.

பேசறதா? பேசவேயில்ல. பதினோரு வருஷமா ஒரு வார்த்த கெடையாது. பந்தயம் மட்டும் விடல.

அதோ ஏரிக்கு நடுவுல, இன்னும் உருகாத ஐஸ் மேல, ஆரஞ்சுக் கலர் டிரம்மு தெரியுதா? உங்க ஊர்ல பழைய கார வெப்பாங்களா? இங்க டிரம்முதான். தீயணைப்புக்காரங்க ஜனவரில ஐஸ் மேல வெச்சிட்டு வந்துருவாங்க. எந்தத் தேதில ஐஸ் ஒடஞ்சு டிரம்மு தண்ணிக்குள்ள எறங்குதுன்னு ஊரே சீட்டு எழுதிப் போடும். அது பொதுப் பந்தயம். எனக்கும் நார்பர்ட்டுக்கும் தனிப் பந்தயம், கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து. யாரு தேதி கிட்ட வருதோ அவனுக்கு மத்தவன் வெள்ளிக்கிழம பார்ல மீன் வறுவல் வாங்கித் தரணும். முன்னெல்லாம் ஆளுக்கொரு பச்ச நாற்காலியப் போட்டுக்கிட்டு, இங்கதான், இப்ப நீ நிக்கற எடத்துலதான் ஒக்காந்து, டிரம்மையே பாத்துக்கிட்டுக் கெடப்போம். எறங்கற நிமிஷத்தக் கண்ணால பாக்கணும் அவனுக்கு. சொன்னாக் கேட்டுக்க மாட்டான். பாக்கணும்.

சண்டைக்கு அப்புறமா? அப்புறமும் தோத்தவன் பார்ல காசு கட்டிருவான். ஜெயிச்சவன் தனியா ஒக்காந்து தின்னுட்டு வருவான். நான் ஜெயிச்சப்ப ஒரு தடவ, எனக்கு எலுமிச்சத் துண்டு ரெண்டா வெக்கச் சொல்லிக் கூடுதலாக் காசு கட்டியிருந்தான். அவன் அப்படித்தான். கொழுப்பு.

பேசிக்கிட்டே அறு. கை ஏன் நிக்குது?

பெர்மிட்டா? இருக்கு. அத வாங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டவுன் ஆபீஸ்ல மார்லிஸ்னு ஒரு பொம்பள. போய் நின்னேன். என் ஷெட்டு சட்டவிரோதம், நகத்தச் சொல்லி ஒரு உத்தரவு குடுங்கன்னேன். கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்கறா. ஹார்லன், நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே, யாரு உங்கள நகத்தச் சொன்னாங்கன்னா. யாரும் சொல்லல, அதான் நீங்க சொல்லுங்கன்னேன். அப்படி உத்தரவு போட முடியாது, யாராவது புகார் குடுக்கணும்னா. சரி, நான் குடுக்கறேன்னேன். யார் மேலன்னா. என் மேலதான்னேன். உங்க மேல நீங்களே புகார் குடுக்க முடியாதுன்னா. ஏன் முடியாது, இந்த ஊர்ல என்னப் பத்தி என்னவிட நல்லா யாருக்குத் தெரியும்னேன். உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்தா. முடியாதாம். நகத்தற பெர்மிட் மட்டும் தர்றேன், மே மாசம் வாங்கன்னா. அவளும் மே மாசம். இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே மாசந்தான் தெரியுது. அவ டிபன் டப்பாவத் தெறந்து சாப்பிட்டு மூடற வரைக்கும் முன்னாலயே நின்னேன். குடுத்துட்டா. உத்தரவு மட்டும் குடுக்கல. அது இருந்திருந்தா நல்லாருக்கும்.

எதுக்கா? சொல்றேன். மொதல்ல அந்த ஜாக்கியத் தூக்கு. மெதுவா. மெதுவாய்யா! சரி. வந்துருச்சு பாரு. பதினோரு வருஷம் கெடந்தது, பல்லுப் புடுங்கற மாதிரி வந்துருச்சு.

அங்கதான். வீட்டுக்கு அந்தப் பக்கம், அந்தக் குச்சி நட்டிருக்கேன் பாரு. ஆமா, என் சமையலறை ஜன்னலுக்கு நேராத்தான். மறைக்கும், எனக்குத் தெரியும். வேற எடம் இல்ல. எல்லைலருந்து பதினஞ்சடி கணக்குப் பண்ணினா அந்த ஒரு எடந்தான் மிஞ்சுது. ஏரிய நான் போதும் போதும்ங்கற அளவுக்குப் பாத்தாச்சு. இனிமே பலகையப் பாத்துக்கிட்டுக் காபி குடிக்கறேன். மானோட பின்பக்கத்துக்கு அது பரவால்ல.

ஏய், அத விடு. மானத் தொடாத. வழில இருந்தா பலகையக் கொஞ்சம் வளச்சுப் போடு. அந்த மான் அங்கயேதான் நிக்கும். அதே பக்கம் பாத்துத்தான் நிக்கும்.

கார் சத்தமா? இல்ல, அது தபால் வண்டி. ஆம்புலன்ஸ் சாயங்காலந்தான் வரும்.

நார்பர்ட்டத்தான் கூட்டிட்டு வர்றாங்க. வேற யார? ஆஸ்பத்திரில இனி செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாம். வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. போன வாரம் ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக் கட்டில எறக்கி அந்தப் பின்னறைல போட்டாங்க, ஜன்னல ஒட்டி. நான் பின்வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். அவன் பொண்டாட்டி பெர்னடீன் வந்து திரைய வெலக்கினா. பாத்தா. என் ஷெட்டு தெரிஞ்சிது. மூடிட்டா. என்ன மொறைக்கக்கூட இல்ல. மூடிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறந்தான் உனக்குப் போன் பண்ணேன்.

இந்த வருஷமும் சீட்டு எழுதியிருக்கான். படுத்துக்கிட்டே எழுதினானாம். பத்தொன்பதாம் தேதி. நான் பதினாறு போட்டிருக்கேன். அது வரைக்கும் ஐஸ் தாங்குமான்னா? தாங்கும். ஐஸப் பத்தி எனக்குக் கவல இல்ல.

இங்க பாரு. நீ கெளம்பறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துட்டா, பெர்னடீன் உன்கிட்ட வந்து கேப்பா. டவுன் ஆபீஸ்ல உத்தரவு போட்டுட்டாங்கன்னு சொல்லு. கேஸ மறுபடி எடுத்தாங்க, ஹார்லன் தோத்துட்டான், பல்லக் கடிச்சுக்கிட்டு நகத்தறான்னு சொல்லு. மூவாயிரம் ஆச்சுன்னும் சொல்லு. அதக் கேட்டா அவனுக்கு ரெண்டு வாய் சாப்பாடு எறங்கும்.

நான் ஏன் சொல்லணும்? எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாதுன்னு எத்தன தடவ சொல்றது?

ம், ஓட்டு. இந்தப் பக்கம் புல்லு நாசமானா ஆகட்டும். அவன் ஜன்னல் கிட்ட போகும்போது மட்டும் சக்கரத்த மெதுவா விடு, சகதி தெறிச்சிரப் போகுது. அந்தக் கண்ணாடிய வெளிப்பக்கம் காலைலதான் தொடச்சு வெச்சேன்.