கலயத்தா செய்

நடந்துச்சா நடக்கலையான்னு என்னக் கேக்காதீக. எங்க அய்யா எனக்குச் சொன்னாரு, அவருக்கு அவுக ஆத்தா சொன்னாகளாம். நான் உங்களுக்குச் சொல்றேன். மடைக்குத் தண்ணி வர இன்னும் நேரம் கெடக்கு. ம் கொட்டுங்க, இல்லாட்டி நான் தூங்கிப்போவேன்.

முன்ன ஒரு காலத்துல, இந்த மருதங்கரையில, ரோடும் கிடையாது கரண்டும் கிடையாது, கண்மாய் ஒண்ணுதான் ஊருக்குச் சொத்து. அப்ப சிட்டாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பாட்டிக்குப் பாட்டி, அதுக்கும் மேல ஒரு பாட்டின்னு வச்சுக்கங்க. புருசன் கொழும்புக்குக் கப்பலேறிப் போனவன்தான், போனான், ஒரு தாக்கல் இல்ல. கையில ரெண்டு புள்ள. மூத்தது நாலு வயசுப் பொண்ணு, அழகின்னு பேரு. எளையது தூளியில கெடக்குற பச்சப்புள்ள. இந்த ரெண்டு போதாதுன்னு மூணாவதா ஒரு புள்ளையும் இருந்துச்சாம். அது யாருங்கிறீக? அவளப் பெத்த ஆத்தா, நாச்சி.

ஆமா, புள்ளைதான். நாச்சிக்கு ஞாபகமெல்லாம் கலைஞ்சுபோச்சு. சோறு தின்னத மறந்துரும். வீட்டு வாசல மறந்துரும். பெத்த மகள எதுக்க வச்சுக்கிட்டே, "எம்மா, நீ எந்த ஊரு? எம்மக சிட்டுவப் பாத்தியா?"ன்னு கேக்குமாம். ஒரே மக. வேற போக்கிடம் கிடையாது. சிட்டாயி கூட்டியாந்து வச்சுக்கிட்டா. ஒரு சொல்லு குத்தம் சொல்ல முடியாது அவள. காலையில எளையதுக்குப் பாலு, மூத்ததுக்குக் கஞ்சி, ஆத்தாளுக்கு வாய் கொப்புளிக்க வெந்நி, தலை வாரி, சீலை கட்டிவிட்டு, மூணையும் ஓட்டிக்கிட்டு வயலுக்கு வருவா. கூடவே ஒரு வெள்ளாட்டுக்குட்டி. அதையும் எங்க விட்டுட்டு வாரது?

அந்தா தெரியுதுல்ல, கரை மேல மருத மரம், அதுல ஒரு கெளையிலதான் தூளி கட்டுவா. ஆத்தாள நெழல்ல உக்கார வச்சுட்டு இவ கீழ வயல்ல எறங்கிருவா. எறங்குனதுலேருந்து கூப்பாடுதான். இங்கேருந்து இவ, "ஆத்தா, இருக்கியா?"ம்பா. மேலேருந்து, "இருக்கேன்டி!"ன்னு வரும். அதோட விடுமா? செத்த நேரத்துல அங்கேருந்து, "எம்மா, சிட்டுவப் பாத்தியா?" இவ, "பாத்தேன் ஆத்தா!" மறுபடியும், "சிட்டு கஞ்சி குடிச்சுச்சா?" "குடிச்சுச்சு ஆத்தா!" ஒரு நாளைக்கு நூறு தடவ. பக்கத்து வயக்காரிக சிரிச்சாளுக. "என்னடி, ஆத்தாளும் மகளும் மாத்தி மாத்திக் கூவுறீக, குயிலு தோத்துப்போகும் போல"ன்னாளுக. சிட்டாயிக்குத் தொண்டையும் கட்டுச்சு, மானமும் போச்சு.

அப்பத்தான் அவளுக்கு ஒரு ரோசனை வந்துச்சாம். நீளமா ஒரு கயித்தத் தூளியில கட்டுனா. மறு முனைய ஆத்தா கையில குடுத்தா. "இந்தா ஆத்தா, இனிமே கூப்புடாத. இந்தக் கயித்த இழுத்துக்கிட்டே இரு. தூளி ஆடுறது எனக்குக் கீழேருந்து தெரியும். தூளி ஆடுனா நீ இருக்கேன்னு நான் தெரிஞ்சுக்கிறேன்."

நல்ல ரோசனைதான். நீங்களா இருந்தாலும் அதத்தான் செய்வீக, நானும் செய்வேன். அன்னைலேருந்து கூப்பாடு நின்னுச்சு. கயிறு ஆடும், தூளி ஆடும், இவ தலையத் தூக்கிப் பாப்பா, மம்பட்டியப் போடுவா. கயிறு ஆடும், தூளி ஆடும், தலையத் தூக்கிப் பாப்பா, மம்பட்டியப் போடுவா.

யாரு செல்லுப்பா அது? பஞ்சு, உன்னுதா? வீட்டுலேருந்தா? கட் பண்ணி வையி தாயி, கதை பாதியில நிக்குது.

எங்க விட்டேன்? ம், கயிறு. அந்த வருசம் மாசிக் கடைசி. கருது பால் பிடிக்கிற நேரம், கண்மாயில தண்ணி அடியில கெடக்கு. முறை வச்சுத்தான் விடுவாக. நீர்பாய்ச்சி கருத்தப்புன்னு ஒருத்தரு, தண்ணிய அளந்து விடுறவரு, ரொம்பக் கறாரான ஆளு. அந்தக் காலத்துல மணி ஏது? மடைக்கல்லு நெழல வச்சுத்தான் கணக்கு. சிட்டாயி முறை வெயில் ஏறுறப்ப தொடங்கும், உச்சியில நெழலு கல்லுக்குள்ள அடங்குறப்ப முடியும். ஊரு கட்டுப்பாடு ஒண்ணு உண்டு. முறைக்காரவுக மடைய விட்டு நகண்டா முறை போச்சு, தண்ணி அடுத்த ஆளுக்குத் திரும்பிரும். ஆத்தா அப்பன் செத்தாலும் அதேதான். அன்னைக்குத் தண்ணியத் தவற விட்டா அவ கருது பதராப் போகும், வருசம் பூரா மூணு வாயும் காயும். அதுக்காகத்தான் அவ நின்னா. சும்மா நிக்கல.

அன்னைக்குக் காலையில எளையதுக்குப் பேதி. மூத்தது ராத்திரியெல்லாம் தூங்க விடல. ஆத்தா வழியெல்லாம், "எம்மா, சிட்டு கஞ்சி குடிச்சுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே வருது. குடிச்சுச்சு ஆத்தா. குடிச்சுச்சு ஆத்தா. அஞ்சு தடவ சொன்னா, ஆறு தடவ சொன்னா. நெசத்துல அவ குடிக்கல, ஏது நேரம்? மரத்தடிக்கு வந்து கஞ்சிக் கலயத்த எறக்கி வைக்கிறா, ஏழாவது தடவ, "சிட்டு கஞ்சி குடிச்சுச்சா?" வந்துச்சே ஒரு ஆங்காரம்! "குடிக்கல! உம்மக இன்னும் குடிக்கல! வயல்ல பசியோட கெடக்கா! போயி நீயே ஊட்டிவிடு, போ!" அப்படின்னு கத்திப்புட்டுக் கயித்தக் கையில திணிச்சுட்டு எறங்கிட்டா.

அடப்பாவி மகளே. வாயி இருக்கே, வாயி.

தண்ணி வந்துச்சு. ஒரு பக்கம் வரப்பு ஒடச்சுக்கிட்டு ஓடுது, ஒரு பக்கம் மேடு ஏற மாட்டேங்குது. இவ ஒத்தையாளா மம்பட்டியோட அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறா. அப்ப கரை மேலேருந்து குரலு வருது. "சிட்டு... ஏ சிட்டூ..." இவளுக்குக் கேட்டுச்சு. கேக்காம இல்ல, அத நல்லா மனசுல வச்சுக்கங்க. மறுபடி, "சிட்டு, கஞ்சி குடிக்க வாடி!" தலையத் தூக்கிப் பாத்தா. தூளி ஆடுது. சரி, புள்ள தூங்குது, ஆத்தா இருக்குன்னு மம்பட்டியப் போட்டா. மூணாவது தடவையும் கூப்புட்டுச்சாம். இவ வாயத் தொறக்கல. தொறந்தா தொடந்து கூப்புடுமேன்னு ஒரு பயம்.

அப்பறம் குரலு இல்ல. தூளி மட்டும் ஆடுச்சு. ஆனா ஆட்டம் ஒரு தினுசா இருந்துச்சாம். வெடுக்குன்னு ஒரு இழுப்பு, அப்பறம் சும்மா நிக்கும், மறுபடி வெடுக்குன்னு இழுக்கும். ஆத்தாளுக்குக் கண்ணு சொக்குது போலன்னு நெனச்சுக்கிட்டா. கயிறு ஆடுச்சு, தூளி ஆடுச்சு, தலையத் தூக்கிப் பாத்தா, மம்பட்டியப் போட்டா.

நெழலு கல்லுக்குள்ள அடங்குச்சு. கடைசிப் பாத்தியும் நெறஞ்சுச்சு. கருத்தப்பு வந்து, "போதும் தாயி, மடைய அடை"ன்னாரு. இவ கை கால் கழுவிக்கிட்டுக் கரையேறுனா. ஏறிப் பாத்தா...

கயித்து முனை ஆட்டுக்குட்டி கழுத்துல கெடக்குது. குட்டி எட்டி எட்டிப் புல்லக் கடிக்குது, தூளி ஆடுது, புள்ள சொகமாத் தூங்குது. ஆத்தாளக் காணோம். கஞ்சிக் கலயத்தையும் காணோம்.

பாத்தீகளா? பேரு மறந்துச்சு, ஊரு மறந்துச்சு, மக மொகமே மறந்துச்சு. ஆனா தூளி நின்னா புள்ள முழிச்சுக்கும்கிறது மறக்கலையே. அந்தக் கயித்த எப்புடிக் கட்டியிருக்கும் அந்த நடுங்குற கையி?

மரத்தடியில அரைத்தூக்கத்துல கெடந்த மூத்தது அழகி அப்பத்தான் கண்ணக் கசக்கிக்கிட்டு எந்திரிச்சுச்சாம். சிட்டாயியப் பாத்துக் கேட்டுச்சாம். "ஏம்மா, அம்மாச்சி உனக்குத்தான் கஞ்சி கொண்டு போச்சு. நீ குடிக்கலையா?"

சிட்டாயி ஓடுனா. புள்ளைகளப் பக்கத்து வயக்காரி கையில போட்டுட்டு ஓடுனா. "ஆத்தா, இருக்கியா? ஆத்தா, இருக்கியா?" கெணத்துல பாத்தா, கண்மாய்ச் சேத்துல பாத்தா, ஊருக்குள்ள ஓடி வந்து வீட்டுலயும் பாத்தா. பொழுது சாயுற நேரம் கருத்தப்புக்குத்தான் பொறி தட்டுச்சு. "சிட்டாயி, உங்கப்பன் முன்னால மேலத்தாக்குல ஒரு செய் வச்சிருந்தாருல்ல? நீ தவழுற வயசுல அங்கதானே கெடப்ப?"

செய்யின்னா வயலுதான், நம்ம பக்கத்துப் பேச்சு. அது தரிசாப் போயி இருவது வருசம் ஆச்சு, கருவேல முள்ளும் கட்டாந்தரையும். கூப்புடு தூரம் இல்ல, கரையச் சுத்திப் போகணும். அங்க போயிப் பாத்தா, நடு வயல்ல, ஒரு பொட்டு நெழல் இல்லாத எடத்துல, நாச்சி சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. மடியில கலயம். கஞ்சியில வெயிலு படக் கூடாதுன்னு முந்தானையத் தலையிலேருந்து எடுத்துக் கலயத்து மேல போத்தியிருக்கு. அம்புட்டு நேரமும் தலை மொட்ட வெயில்ல. உசுரு இல்ல.

ஒரு சொட்டு சிந்தலையாம் கஞ்சி. அம்புட்டு முள்ளுக்குள்ள, அந்தக் காலோட நடந்து போயி, ஒரு சொட்டு சிந்தல.

சிட்டாயி கத்துவா, மாருல அடிச்சுக்குவான்னு எல்லாரும் பாத்தாக. அவ அடிச்சுக்கல. எதுக்க உக்காந்தா. ஆத்தா கையப் பதனமா வெலக்கிட்டுக் கலயத்த எடுத்தா. வெயிலுக்குப் புளிச்சு நொதிச்சுப் போச்சு. அதப் பூராவும், அடியில கெடந்த பருக்கைய வழிச்சு, குடிச்சு முடிச்சா. வாயத் தொடச்சுட்டுச் சொன்னாளாம்: "ஆத்தா, சிட்டு கஞ்சி குடிச்சிருச்சு ஆத்தா."

அதுக்கப்பறம்தான் அழுதா. எப்ப நிறுத்துனான்னு யாரும் சொல்லல.

அந்த வருசம் அவ வயலு நல்லா வெளஞ்சுச்சாம். புள்ளைக பசியில்லாம இருந்துச்சுக. அவ மட்டும் அந்த நெல்லுல ஒரு பிடி தின்னலைம்பாக.

பதினாறு கழிஞ்ச மறுநாளு அவ வெறுங்கலயத்தத் தூக்கிக்கிட்டு மடைக்கு வந்து, கல்லு மேல வச்சுட்டு நின்னாளாம். "நான் எங்காத்தா கூப்புட்டது கேட்டுத்தான் நின்னேன். நகண்டா தண்ணி போயிரும்னு நின்னேன். என்ன யாரும் நல்லவன்னு சொல்ல வேணாம். ஆனா நாளைக்கு இன்னொருத்தி இப்புடி நிக்கக் கூடாது." அன்னைக்கே கட்டுப்பாட்ட மாத்துனாக.

அதான் இந்த மடையில இன்னைக்கும், முறையில நிக்கிறவுகள வீட்டுலேருந்து பெருசோ சிறுசோ கூப்புட்டா போயிறலாம். அடுத்த முறைக்காரவுக வந்து மம்பட்டிய வாங்கிக்கணும். திரும்பி வார வரைக்கும் தண்ணி போனவுக வயலுக்குத்தான். வேற ஊர்க்காரவுக கேட்டுட்டுச் சிரிப்பாக. சிரிச்சுட்டுப் போகட்டும். மேலத்தாக்குல கலயத்து ஆத்தா உக்காந்த அந்த எடத்துக்குக் கலயத்தா செய்யின்னே பேரு விழுந்துபோச்சு. மொத அறுப்புக் கஞ்சி அங்கதான் போகும். இன்னொண்ணும் உண்டு. நம்மூர்ல வயசாளிக சாப்ட்டியான்னு கேட்டா, பத்து தடவ கேட்டாலும் பத்து தடவையும் சாப்ட்டேன்னு சொல்லணும். இப்பத்தான் சொன்னேனேங்கக் கூடாது. அந்தச் சொல்லு இந்த ஊருக்கு ஆகாது.

நான் மட்டும் ஒழுங்கா? எங்காத்தா கேட்டப்ப, மூணாவது தடவைக்கு மேல நான் வாயத் தொறந்ததில்ல. இப்ப சொல்றேன், கேக்கத்தான் ஆளு இல்ல.

அந்தா மறுபடி அடிக்குது பாரு. பஞ்சு, உங்காத்தாதானே? அப்பவே எடுக்கச் சொல்லியிருக்கணும், கதை மப்புல நாந்தான் கட் பண்ணச் சொல்லிப்புட்டேன், கிறுக்கன். எடு தாயி. சாப்ட்டேன்னு சொல்லு. வரச் சொன்னா உன் முறையப் பாக்காம எந்திரிச்சுப் போ.

மம்பட்டிய இங்குட்டுக் குடு. மடைய நான் பாத்துக்கிறேன்.