சூலூர் பஸ்ஸுக்கு ஒரு பட்டன்

— கைய எடுங்க சாஹில். அந்த ஃபைலத் தொடாதீங்க.

— தொடாம எப்புடிங்க? பாலகோபால் சார் மதுக்கரைக்குப் போயிருக்காரு, வர்றதுக்கு சாயங்காலமாயிரும். அதுக்குள்ள மேக்ரோ அத்தனையும் அழிச்சுப்போட்டா, நாளைக்கு ஒத்த ஆள வெச்சு இந்த ஆபீஸ ஓட்ட முடியாது. ரெண்டு பேரும் வேணும்னு அவரே சொல்லுவாரு. நீங்க வேலைய விட்டுப் போக வேண்டியதில்லை அரசி.

— அழிச்சது யாருன்னு அவருக்குத் தெரியாதுங்களா?

— கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிருச்சும்பேன்.

— உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. பிரிண்டர் ரிப்பேருன்னு ஒருக்கா சொன்னதுக்கே காதெல்லாம் செவந்துபோச்சு. பாத்துட்டு சார் சிரிச்சுப்போட்டாரு.

— வெளையாடாதீங்க. காலையில இருந்து பச்சத்தண்ணி எறங்கல. அம்மா உங்களுக்கும் சேத்து நெய்ச்சோறு குடுத்து அனுப்பியிருக்காங்க, அந்த டப்பாவத் தொறக்கவே கை வரல. நான் செஞ்ச வேலையால உங்களுக்கு வேலை போயிருச்சு.

— நீங்க அப்புடி என்னத்தங்க செஞ்சுபோட்டீங்க?

— தெரியாத மாதிரி கேக்கறீங்களே! பம்ப் ட்ராயிங் ஒவ்வொண்ணுக்கும் பார்டர் போடணும், பேரெழுதணும், லேயர் மாத்தணும், போல்ட்டு ஓட்டை வட்டம் போடணும், பார்ட்ஸ் டேபிள் வெக்கணும், பிரிண்ட் எடுக்கணும். ரெண்டு பேருக்கும் பொழுதுக்கும் அதே வேலைதான். நான் என்ன பெரிய புரோகிராமா எழுதினேன்? நாம கீபோர்டுல தட்டறதையே அதே வரிசையில எழுதி, ஒரு பட்டனுக்குள்ள மேக்ரோவாப் போட்டு வெச்சேன். அமுக்குனா அதுவே ஓடிக்கும். அதப் பாத்துப்போட்டு, 'வேலைதான் பொழுதோட முடிஞ்சுருதே, எதுக்குப்பா ரெண்டு ஆளு'ன்னு கேட்டுட்டாரு.

— அவரு கேட்டதும் நியாயந்தானுங்களே.

— என்னங்க பெரிய நியாயம்! அவரு லாபத்துக்கா நான் மண்டைய ஒடைச்சேன்? உங்களுக்காகச் செஞ்சேனுங்க.

— எனக்காகச் செய்யுங்கன்னு நான் கேட்டனுங்களா?

— கேக்கலீங்க. நானாத்தான் பாத்தேன். வந்த புதுசுல உங்க கை என்ன வேகம்! நான் பார்டரே போட்டு முடிச்சிருக்க மாட்டேன், நீங்க பிரிண்ட் குடுத்துட்டு டீக்குப் போயிருப்பீங்க. அப்பறம் என்னாச்சோ தெரியல, ஒரே ஓட்டை வட்டத்தப் போடுவீங்க, அழிப்பீங்க, மறுபடி போடுவீங்க. இருட்டற வரைக்கும் உக்காந்திருப்பீங்க. உங்கம்மா படுத்த படுக்கையா ஊட்டுல தனியாக் கெடக்கறாங்க, அந்த நெனப்புலதான் பாவம் கை ஓடலைன்னு நெனச்சேன். பாக்கப் பாக்க மனசு கேக்கல.

— அம்மாவப் பக்கத்து ஊட்டு அக்கா நல்லாத்தான் பாத்துக்கறாங்க. நான் லேட்டாப் போனா அம்மா ஒண்ணும் சொல்லாது.

— இருந்தாலும் பெத்த புள்ள போயி ஒரு வாய் கஞ்சி குடுக்கற மாதிரி வருங்களா? நீங்க அஞ்சு மணி சூலூர் பஸ்ஸப் பிடிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு. அதனாலதான் பட்டனுக்கு அந்தப் பேரே வெச்சேன். மவுஸக் கொண்டுபோயி அது மேல வெச்சுப் பாருங்க, 'சூலூர்'னு காட்டும்.

— தெரியுமுங்க. தெனமும் பாத்துட்டுத்தான் அமுக்குவேன்.

— பாத்துச் சிரிச்சிருப்பீங்க.

— இல்லீங்க.

— ம்.

— ஒண்ணு கேக்கட்டுங்களா? ஆரம்பிக்கறப்பவே கேன்சல் கேன்சல்னு ரெண்டு தடவ வருதே, அது எதுக்குங்க?

— அதுங்களா? பழைய கமாண்டு எதாச்சும் பாதியில நின்னுட்டிருந்தா, அதத் தள்ளிப்போட்டுத்தான் புதுசு ஓடும். சிலது ஒரு தடவ சொன்னாப் போகாது. அதான் ரெண்டு.

— பாதியில நின்னது அவ்வளவு லேசுல போயிருமுங்களா... செரி, அதெல்லாம் தானா ஓடிட்டு, பார்ட்ஸ் டேபிள்கிட்ட வந்து மட்டும் நின்னுக்குதே? அது?

— அது நீங்க எடம் காட்டறதுக்குங்க. டேபிள எங்க வெச்சா ட்ராயிங் அழகா இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க தொடற வரைக்கும் அது அசையாது. எவ்வளவு நேரமானாலும் அப்புடியே நிக்கும்.

— அதையும் எடுக்கச் சொல்லிப்போட்டாராமே சாரு?

— காலையில சொன்னாரு. ஒருத்தர் வந்து தொடறதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாமாம், மூலையிலயே வெச்சுருன்னாரு. நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். அதுக்கு மொத்தமா அழிச்சுருவேன்.

— எடுத்துருங்க சாஹில். மொத்தமா அழிச்சாலும் நான் இங்க இருக்கப் போறதில்லீங்க.

— ஏனுங்க?

— சார் ஒண்ணும் என்னையப் போன்னு சொல்லல. ஒரு ஆளு போதும்னுதான் பேச்செடுத்தாரு. யாருன்னு அவரு வாயில இருந்து வர்றதுக்குள்ள, நானே போயிக்கறேன்னு சொல்லிப்போட்டேன்.

— நீங்களாவா? என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க அரசி! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா? நான் போயிருப்பேனே!

— நீங்க போயி? உங்க தங்கச்சி ரிஃபானா இப்பத்தான் காலேஜ்ல சேந்திருக்குது. உங்க ஊட்டுல உங்கள விட்டா வேற யாருங்க? நான் எப்புடியும் போறவதான். எனக்குத் தை மாசம் கல்யாணமுங்க.

— கல்யாணமுங்களா?

— ஆமாங்க. பேசி முடிச்சாச்சு.

— நல்ல விசயம். நல்ல விசயந்தானுங்க. மாப்பிள்ளை எந்த ஊரு?

— தாராபுரமுங்க. அப்பா தறி ஓட்டற எடத்துல தெரிஞ்சவங்க. சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கறதுக்கு தேதி கேட்டாச்சு. மகளுக்கு ஒரு வழியா அமைஞ்சுருச்சேன்னு அப்பாவுக்குத் தலைகால் புரியல.

— வர்ற எடத்தையெல்லாம் வேண்டாம்னு தட்டிக் கழிச்சுட்டிருந்தீங்களே. இன்னும் கொஞ்ச நாளு வேலைக்குப் போறேன், அப்பறம் பாத்துக்கலாம்னு.

— சொல்லிட்டுத்தான் இருந்தேன்.

— இப்ப வேலை போச்சுங்கறதுக்காகத்தானே செரின்னீங்க? அதத்தானுங்க நானும் சொல்றேன். இதோ பாருங்க, அழிச்சுப்போடறேன். வேலை இருக்கும். உங்கப்பாகிட்ட இன்னும் ஒரு வருசம்...

— கைய எடுங்கன்னு சொன்னேன். வேலை போனது இன்னைக்கு. நான் செரின்னது ஓணம் லீவுக்கு முன்னாடியே.

— அப்ப இருந்தா? தெனமும் பக்கத்துல உக்காந்துட்டு, எங்கிட்டச் சொல்லணும்னு தோணவே இல்லீங்களா?

— நீங்க எங்கிட்ட எதாச்சும் சொன்னீங்களா?

— நான் என்னன்னுங்க சொல்லுவேன்? நான் உக்கடம், நீங்க சூலூரு. எங்க ஊட்டுல தொழுகை, உங்க ஊட்டுல ஜெபம். வாயத் தொறந்து சொல்லி, நாளைக்கு நீங்க சீட்ட மாத்திட்டுப் போயிட்டா? அந்தப் பயத்துலதான் வாயவே தொறக்கல. வாயில வராததத்தான் அந்தப் பட்டனுக்குள்ள போட்டேன். உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்.

— புரிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன். மொத நாள் அமுக்குனேன் பாருங்க, வேலை அம்புட்டும் கண்ணு முன்னால முடிஞ்சுபோச்சு. நான் அப்புடியே உக்காந்திருந்தேன். நீங்கதான் எந்திரிச்சு, என் பைய எடுத்துக் கையில குடுத்து, 'கெளம்புங்க, கெளம்புங்க, பஸ் போயிரும்'னீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்து ஏத்தி உட்டீங்க.

— ஆமாங்க. ஜன்னலோரமா எடம் கெடைச்சு நீங்க உக்காந்தீங்க. பஸ் திரும்பற வரைக்கும் நின்னு பாத்தேன். அன்னைக்கு மாதிரி நான் எப்பவும் சந்தோசப்பட்டதில்லை.

— அன்னைக்கு ஊட்டுக்குப் போனதும்தான், அப்பாகிட்ட அந்தத் தாராபுரத்துக்குச் செரின்னு சொல்லிப்போட்டேன்.

— அன்னைக்கா? ஏனுங்க? பஸ்ஸுல ஏத்தி உட்டதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

— அந்த ஓட்டை வட்டம் எனக்கு ஒரே தடவையில வருமுங்க சாஹில். இருட்டற வரைக்கும் உங்க பக்கத்துல உக்காந்திருக்கறதுக்குத்தான், அழிச்சு அழிச்சுப் போட்டுட்டிருந்தேன்.