ஆறு மூட்டை குறைந்தது

எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. நான் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

நான் மாத்தளன் கடற்கரை மணலில் ஓடுகிறேன். 2009. பங்குனி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். இடுப்பில் தண்ணீர்க் குடம். தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம். செல், பீரங்கிக் குண்டு, அங்கே கிளம்புகிற சத்தம் அது. அதிலிருந்து பதினைந்து எண்ணலாம். எண்ணி முடிவதற்குள் பங்கர்க் குழிக்குள் இருக்க வேண்டும். இதை எனக்குப் பழக்கியவர் என் மனிசன்.

"ஓடி வாரும்! குடத்தைப் போட்டிட்டு வாரும்!"

அவருடைய குரல்தான். நான் குடத்தைப் போடவில்லை. பன்னிரண்டு எண்ணும்போது உள்ளே விழுந்தேன்.

அவர் பட்டாளத்துக்காரர். பத்தொன்பது வயதில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் இலங்கைப் பட்டாளத்தில் இருந்தார். சார்ஜன் பதவி வரை போய், சண்டை தொடங்குவதற்கு முன்பே ஓய்வு பெற்றார். பிறகு முரசுமோட்டையில் வயல் செய்தோம். கடைசியில் அவர் இருந்த பட்டாளமே எங்களுக்கு எதிரே வந்து நின்றது. அவர் பென்சன் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

வீட்டில் பார்த்தால் அவரைப் பட்டாளத்துக்காரர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். குரல் உயராது. லீவில் வந்தால் முதல் வேலை, பிள்ளைகளின் சப்பாத்துகளை வரிசையாக வைத்து மினுக்குவது. பெண்பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுத்துவிடுவார். கிழிந்ததைத் தைப்பார். கிழமைக்கு ஒரு கடிதம் போடுவார். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எனக்கு வாசிக்க வரவேண்டும் என்று எழுத்துகளைப் பெரிதாகப் போடுவார். ஒரு தாளில் நாலு வரிதான் கொள்ளும். அந்தக் கடிதங்களை நான் யாரிடமும் வாசிக்கக் கொடுத்ததில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

கடற்கரை மணலில் வெட்டின குழி நிற்காது. சரியும். சுற்றிவர மண்மூட்டை அடுக்கவேண்டும். உரப்பை ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாரும் சீலையை வெட்டித்தான் மூட்டை தைத்தார்கள். ஒரு சீலையில் ஆறு மூட்டை வரும். எங்களுடையதை அவரே தைத்தார். சின்னச் சின்னத் தையல். மிசின் தைத்த மாதிரி இருக்கும். அடுத்த தரப்பாள் கூடாரத்தில் அக்கராயன் பக்கத்து மனிசன் ஒருவர் இருந்தார். அவர் பகிடி விட்டார்.

"என்ன சார்ஜன் ஐயா, தையல் கடை திறந்திட்டியள் போலை?"

"ஓம் தம்பி. மனிசியின்ரை சீலையளோடை வாரும், தைச்சுத் தாறன்."

"அவவின்ரை சீலையிலை கை வைச்சா எனக்குச் செல் தேவையில்லை ஐயா. அவவே அலுவலை முடிச்சிடுவா."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என் மகள் வசந்தி தன் கூறைச்சேலையைத் தானே கொண்டுவந்து வைத்தாள். "வெட்டுங்கோ அப்பா" என்றாள். நான் என் சீலைகளைக் கொடுத்தேன். உள்ளது இந்த ஏழும்தான் என்றேன். என்னிடம் எட்டு இருந்தது.

எட்டாவது என் கல்யாணக் கூறை. அரக்குச் சிவப்பு. அவர் கொழும்பில் எடுத்து, ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்தது. நான் அவருக்கு முந்திப் போவேன், அந்தக் கூறையை உடுத்தித்தான் என்னைச் சுடலைக்கு எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என் பையின் அடியில் வைத்து, மேலே பேத்தியின் பால்மாவை வைத்திருந்தேன்.

பங்கர் வாய்க்கு மூன்று வரிசை வேண்டும் என்று அவர் அளந்து சொன்னார். இரண்டு வரிசைதான் வந்தது. ஆறு மூட்டை குறைந்தது.

"இஞ்சேரும், இன்னும் ஒரு சீலை இருக்கோ?"

"இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் என் பையைத் திறந்தவரில்லை. "சரி, சமாளிப்பம்" என்றார். அன்றிலிருந்து பங்கருக்குள் இறங்கினால், அந்த வரிசை குறைந்த இடத்தில்தான் இருப்பார். வெளிப்பக்கம் முதுகு. எங்கள் பக்கம் முகம். இங்கேதான் காற்று வருகிறது என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குடத்தோடு விழுகிறேன். வசந்தி மூலையில். அவளுடைய மடியில் நாலு வயதுப் பேத்தி. பக்கத்தில் மருமகன். என் மனிசன் அந்த இடத்தில். பதின்மூன்று. பதினாலு.

"குனியுங்கோ! தலையைக் குனியுங்கோ!"

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெளிச்சம்தான். பிறகு மணல் கொட்டியது. பிறகு காதுக்குள் ஒரு இரைச்சல். நெடுநேரம். குறைந்த வரிசைக்கு மேலால் ஒரு செல் துண்டு வந்திருந்தது. அவருடைய பிடரிக்குக் கீழே. அவர் இருந்தபடியே இருந்தார். உள்ளே வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பின்னேரம் பக்கத்திலேயே குழி வெட்டினோம். மருமகன் அவரை மூட ஒரு துணி கேட்டான். வசந்தி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்டும் இல்லையே?"

அப்போதும் இல்லை என்றேன். எடுத்தால் முதல் பொய் தெரிந்துவிடும். தரப்பாள் துண்டில் சுற்றிப் புதைத்தோம்.

பிறகு அகதி முகாமில் வைத்து மருமகன் சொன்னான். "மாமா பட்டாளத்திலை இருந்தவர். இருந்தும் பங்கர் வாயை உயரம் காணாமல் பதிச்சுக் கட்டிப்போட்டார்." கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. கவலையில் சொன்னான். ஊருக்குத் திரும்பிய பிறகு திவசத்துக்குத் திவசம் சொன்னான். வசந்தியும் தலையாட்டுவாள். பதினாறு திவசம் போய்விட்டது. பதினாறு தரமும் நான் படையலுக்குச் சோறு போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் மகள் தன் கூறையை வெட்டக் கொடுத்தவள். அவளுடைய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்.

அவர் பிழையாகக் கட்டவில்லை. அவருக்கு அளவு தெரியும். குறைகிறது என்று தெரிந்துதான் அந்த இடத்தில் இருந்தார். என் முகத்தில் பொய்யையும் அன்றே கண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இழந்ததைச் சொல்கிறேன். என் மனிசன், வயது எழுபத்தொன்று. மூத்த மகன், அடுத்த மாதம், கஞ்சிக்கு நின்ற வரிசையில். முரசுமோட்டை வீடு. பசு ஆறு. கன்று இரண்டு. அவருடைய கடிதங்கள் எல்லாம். அவரைப் புதைத்த இடம். பிறகு போய்த் தேடினேன். மணல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கிடந்தது. கூறை தொலையவில்லை. அலுமாரியில் இருக்கிறது. என்னை எடுக்கிற அன்று அதை உடுத்த வேண்டாம்.

அன்று மடியில் இருந்த பேத்திதான் இதை எழுதுகிறாள். எழுத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்காதே பிள்ளை. எழுதினதை முதலிலிருந்து வாசி. மெல்லிய குரலில் வாசிக்காதே. உன் அம்மா குசினியில் அடுப்படியில் நிற்கிறாள். அவளுக்குக் கேட்கட்டும்.